அண்ணி ஓட்டிய கடற்கரைச் சாலை

எழுத்தாளருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பயண நூல்களாகவே எழுதி அலமாரியில் ஒரு தட்டை நிரப்பியவர். பாலைவனத்தைச் சரக்கு ரயிலில் கடந்தவர். பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகும் கப்பலில் சமையல்காரரோடு சண்டை போட்டு இரண்டு வேளை பட்டினி கிடந்தவர். ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ‘ஓட்டுகிறவன் சாலையைப் பார்க்கிறான். உட்கார்ந்து வருகிறவன்தான் ஊரைப் பார்க்கிறான்’ என்று ஒரு முன்னுரையில் எழுதி வைத்திருந்தார். வாசகர்கள் அதைத் தத்துவம் என்று நினைத்தார்கள். அது பயம் என்று அவர் மனைவிக்குத் தெரியும்.

பயணம் இல்லாத மாதங்களில் நாவல் எழுதுவார். எல்லாம் நையாண்டி. தொலைந்துபோன ஸ்டேப்ளரைக் கண்டுபிடிக்க ஓர் அலுவலகம் விசாரணைக் குழு அமைக்கிறது. கடைசியில் அந்தக் குழுவுக்கே தனிக் கட்டடமும் காவலாளியும் வந்துவிடுகின்றன, ஸ்டேப்ளர் மட்டும் வருவதில்லை. இது ஒரு நாவல். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த சின்ன அறையில்தான் எழுதுவார். துணி துவைக்கும் மெஷினும் அங்கேதான் நின்றது. அது சுற்றும்போது மேஜை நடுங்கும்.

மனைவி ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். காலியான மருந்து அட்டைப்பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். எழுத்தாளர் அவற்றைச் சட்டைப் பை அளவுக்குக் கத்தரித்து வைத்துக்கொண்டு, போகிற இடமெல்லாம் கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் குறித்துக்கொள்வார். அவருடைய புகழ்பெற்ற வரிகள் பலவற்றின் முதுகில் ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று அச்சடித்திருக்கும்.

அவர் நாவல்களில் அதிகம் விற்றது, ஒரு குடும்பம் மொத்தமும் ஒரே காரில் விடுமுறைக்குக் கிளம்புகிற கதை. அதில் பெரியம்மா ஒருத்தி வருவாள். வீட்டை விட்டுக் காரை வெளியே எடுக்கும்போது ஒரே சுவரில் மூன்று முறை இடிப்பாள். மூன்றாவது முறை இறங்கிப் போய்ச் சுவரைத் திட்டுவாள். ‘சுவர்ப் பெரியம்மா’ என்றால் புத்தகம் படிக்காதவர்களும் சிரித்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், எழுத்தாளரின் அண்ணி ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு அங்கே போன் எடுக்கிற வேலை. பாடம் சொல்லித்தருவது, வண்டியைப் பராமரிப்பது, தேர்வுக்கு ஆள் கூட்டிப்போவது எல்லாம் அண்ணி. புத்தகம் வந்த பிறகு கற்றுக்கொள்ள வந்தவர்கள் முதல் நாளே, “அந்தச் சுவர் எங்க இருக்குங்க?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒருத்தர் சுவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ளவும் கேட்டார். அண்ணி அன்றிலிருந்து எழுத்தாளரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்தால், “அவரை இன்னும் கொஞ்சம் போட்டுக்கச் சொல்லு” என்று எழுத்தாளரின் மனைவியிடம் சொல்வார். எழுத்தாளர், “போதும்னு சொல்லு” என்பார். நடுவில் அண்ணன் எதையும் காதில் வாங்காமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பல வருடம் இப்படியே போனது.

அந்த ஆண்டு வடக்கே கடலோரமாகப் புதுச் சாலை ஒன்று திறந்தார்கள். அதுவரை படகில் மட்டுமே போக முடிந்த சின்னச் சின்ன ஊர்களையெல்லாம் கோத்துக்கொண்டு அது கலங்கரை விளக்கம் வரை போயிற்று. பதிப்பாளர் போன் செய்தார்.

“அந்த ரோட்டைப் பத்தி முதல் புத்தகம் உங்களோடதா இருக்கணும். நீங்க போகலைன்னா வேற யாராவது போய் ‘அழகோ அழகு’ன்னு எழுதிடுவாங்க.”

“பஸ் விட்டுட்டாங்களா?”

“இன்னும் இல்ல. கார்தான்.”

வாடகைக் காருக்கு ஆள் பிடித்தார் எழுத்தாளர். வந்த டிரைவர் நல்ல மனிதர்தான். ஆனால் போய்ச் சேர்வது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த பயணம். நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டார். “முன்னாடி இதைவிட நல்ல இடம் வரும் சார்” என்பார். அந்த நல்ல இடம் வரும்போதும் அதையே சொல்வார். முதல் நாள் மாலைக்குள் எழுத்தாளர் வீட்டுக்கே திரும்பிவிட்டார், ஒரு அட்டைகூட நிரம்பாமல்.

“அக்காவைக் கேட்டுப் பார்க்கட்டுமா?” என்றார் மனைவி.

“எந்த அக்கா?”

“உங்களுக்கு எத்தனை அண்ணி இருக்காங்க?”

எழுத்தாளர் அட்டை கத்தரிக்க உட்கார்ந்துவிட்டார். மனைவி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அடுத்த நாளே டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார். அண்ணி உடனே சரி என்று சொல்லிவிட்டதாக வந்து சொன்னபோது எழுத்தாளர் நிஜமாகவா என்று இரண்டு முறை கேட்டார். மறுப்பார் என்று நம்பியிருந்தார்.

“ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க. நீங்க பின்சீட்டுல உட்காரணுமாம்.”

கிளம்புகிற காலையில் வாசலில் வந்து நின்றது ஸ்கூல் வண்டி. கூரைமேல் ‘பயிற்சி வாகனம்’ என்ற பலகை.

“அதைக் கழட்டலையான்னு கேளு” என்றார் எழுத்தாளர் மனைவியிடம்.

“ஆணி துருப்பிடிச்சுப்போச்சு, கழட்ட வராதுன்னு சொல்லு” என்றார் அண்ணி.

பின்சீட்டிலிருந்து எழுத்தாளருக்கு அண்ணியின் பின்தலையும், கண்ணாடியில் இரண்டு கண்களும் தெரிந்தன. மனைவி உடன் வராததால் இப்போது தூது சொல்ல ஆளில்லை. முதல் மணிநேரம் வண்டிக்குள் என்ஜின் மட்டும் பேசியது. வழியில் லாரிகளெல்லாம் கூரைப் பலகையைப் பார்த்துப் பதறி ஒதுங்கின. ஒரு லாரிக்காரர் தலையை நீட்டி, “பயப்படாம ஓட்டுங்கம்மா, வந்துடும்!” என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணியின் கண்கள் கண்ணாடியில் சுருங்கின. அது சிரிப்பா கோபமா என்று எழுத்தாளருக்குப் பிடிபடவில்லை.

மலை கடலுக்குள் இறங்குகிற இடத்தில் சாலை வளைய ஆரம்பித்தது. எழுத்தாளருக்குக் கப்பலில் வராத குமட்டல் அங்கே வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் தட்டினார். அண்ணி ஓரம் கட்டி, இறங்கிப் போனவர் நிமிரும்வரை காத்திருந்து, தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“முன்னாடி வந்து உட்காருங்க. ஸ்கூல் வண்டி இது. திரும்பிப் போனதும் பாடம் இருக்கு, சீட்டு நாறக்கூடாது.”

அத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் நேரடியாகச் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. பழைய ‘நீ’ போய் ‘நீங்க’ வந்திருந்ததை எழுத்தாளர் கவனித்தார்.

முன்சீட்டில் வேறொரு தொல்லை. ஸ்கூல் வண்டி என்பதால் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருந்தது, சொல்லித்தருகிறவருக்காக. எழுத்தாளரின் கால் அதன் மேல்தான் இருந்தது. முதல் வளைவிலேயே அவர் கண்ணை மூடிக்கொண்டு அதை அழுத்திவிட்டார். வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்த வேன்காரர் ஹாரனை அழுத்தினார்.

“காலை எடுங்க.”

“தானா போயிடுச்சு.”

“தானாப் போற காலைச் சம்மணம் போட்டு வச்சுக்கங்க.”

வளைவுகள் தீரும்வரை, புகழ்பெற்ற பயண எழுத்தாளர் காரில் சம்மணமிட்டு உட்கார்ந்து வந்தார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்குக் குறையே இல்லை. அண்ணி எங்கே சொன்னாலும் நிறுத்தினார். சொல்லாத இடத்திலும் நிறுத்தினார். வளைவு தாண்டிக் கடல் விரிகிற இடங்களில் என்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி ஒரு இடத்தில் எழுத்தாளர் துணிந்து கேட்டார்.

“ஏன் அண்ணி சரின்னு சொன்னீங்க?”

“உங்களுக்காக வரல. ரோட்டுக்காக வந்தேன்.” கொஞ்ச நேரம் கழித்து அண்ணியே தொடர்ந்தார். “ஸ்கூல்ல நாலே தெரு. கிளம்பி, வலது, வலது, வலது, திரும்ப வந்து நிக்கணும். எத்தனை வருஷமா சுத்தறேன். கணக்குப் பார்த்தா உலகத்தைச் சுத்தியிருப்பேன். அஞ்சாவது தெருவுக்கு வண்டியை விட்டதில்ல.”

எழுத்தாளர் சட்டைப் பையில் கைவைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். அதை எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை. கூடவே உட்கார்ந்து கடலைப் பார்த்தார்.

அந்தச் சாலையில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பெருமை இருந்தது. சாலை வந்ததும் ஆட்கள் வருவார்கள் என்று ஆளுக்கொன்று கட்டி வைத்திருந்தார்கள். ஓர் ஊரில் நாட்டிலேயே நீளமான பெஞ்ச். அதில் உட்காரக்கூடாது என்று பலகை. அடுத்த ஊரில் உலகத்திலேயே பெரிய குடை, கான்கிரீட்டில். நகராட்சித் தலைவரே வந்து அதைச் சுற்றிக் காட்டினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. மூவரும் குடைக்குக் கீழே ஓடினார்கள். குடை ஒழுகியது. தலைவரின் தலையில் நேராகச் சொட்டியது. அவர் ஓரடி தள்ளி நின்றுகொண்டு பேச்சை விடாமல் தொடர்ந்தார். அங்கேயும் சொட்டியது.

“இது ஒழுகல் இல்லீங்க. கடல் காத்துல கான்கிரீட்டுக்கு வேர்க்கும்.”

எழுத்தாளருக்குக் கை பரபரத்தது. விடுதிக்குப் போனதும் வாசல் வராந்தாவில் உட்கார்ந்து அட்டைகளைப் பரப்பி எழுதத் தொடங்கினார். அண்ணி பக்கத்து நாற்காலியில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன எழுதியிருக்கீங்க? படிங்க.”

எழுத்தாளர் தயங்கித் தயங்கிப் படித்தார். அண்ணி முழுக்கக் கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“சப்புன்னு இருக்கு” என்றார்.

எழுத்தாளரை இதுவரை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். சப்பென்று இருப்பதாக யாரும் சொன்னதில்லை.

“அந்த ஆள் வேர்க்குதுன்னு சொன்னதோட விட்டீங்களே. அப்புறம் என்ன பண்ணார்? கைக்குட்டையை எடுத்து, தலையைத் துடைக்காம தூணைத் துடைச்சார். பார்க்கலையா?”

எழுத்தாளர் பார்க்கவில்லை. அப்போது குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். இப்போது சிரித்துவிட்டார்; எழுதவும் செய்தார். அண்ணிக்கு அது பிடித்துப்போயிற்று. விடுதிக்காரர் ‘எல்லா அறையிலிருந்தும் கடல் தெரியும்’ என்று எழுதி வைத்திருந்ததைக் கட்டை விரலால் சுட்டிக்காட்டினார்.

“என் அறையிலயும் தெரியுது. நாற்காலி மேல ஏறி, ஜன்னல்ல கால வச்சு, உடம்பை வெளிய நீட்டினா, விழறதுக்கு முன்னாடி ஒரு நொடி நல்லாத் தெரியும்.”

மறுநாள் முழுக்க அண்ணியின் வாய் ஓயவில்லை. பெட்ரோல் பங்கில் மீசையை முறுக்கியபடியே டயருக்குக் காற்றடிக்க மறந்தவர், ‘அமைதி காக்கவும்’ என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே இருந்த பூங்கா, யாரும் தப்பவில்லை. எழுத்தாளருக்கு அட்டை தீர்ந்து, கடையில் பிஸ்கட் வாங்கி அந்தப் பெட்டியைக் கிழிக்க வேண்டிவந்தது. சில வரிகளைக் கேட்டு அவரே பயந்தார்.

“அண்ணி, இதைப் போட்டா அந்த ஆளு கேஸ் போடுவார்.”

“போடட்டுமே. என்னைப் பத்தி எழுதினப்ப நான் போட்டேனா?”

 சாலை நேராகப் போயிற்று. எழுத்தாளர் சம்மணத்தைக் கலைத்து, காலைக் கவனமாக பிரேக்குக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

“அண்ணி, அந்தச் சுவர் விஷயம்…”

“மூணு தடவை இல்ல. ரெண்டு தடவை.”

“சரி. ரெண்டு.”

“இடிச்சது நான் இல்ல. உங்க அண்ணன்.”

 எழுத்தாளர் அந்தச் சம்பவத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அண்ணன் வீட்டுக்குப் போனபோது சுவர் உடைந்திருந்தது, கார் நசுங்கியிருந்தது, ஓட்டுகிற தொழில் அண்ணியுடையது. மிச்சத்தை அவரே நிரப்பிக்கொண்டார்.

“அவரு கத்துக்கணும்னு ஆசைப்பட்டார். நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். அப்ப அந்த வண்டியில இந்த ரெண்டாவது பிரேக் கிடையாது. அதுக்கப்புறம்தான் எல்லா வண்டிக்கும் மாட்டினேன்.”

“ரெண்டு தடவையும் அவர்தானா?”

“ரெண்டாவது தடவை, முதல் தடவை எப்படி இடிச்சதுன்னு எனக்குக் காட்டறதுக்காக.”

எழுத்தாளர் சிரிப்பை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. அண்ணியின் உதடும் கோணியது. அடுத்த நொடி இருவரும் சேர்ந்து சிரித்ததில் அண்ணி வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத்தாளர் கேட்டார்:

“அப்பவே ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா? ‘புருஷனைக் காட்டிக்கொடுத்த பெரியம்மா’ன்னு இன்னொரு அத்தியாயம் எழுதியிருப்பீங்க.”

அது உண்மை. எழுதியிருப்பார்.

“தப்புதான் அண்ணி.”

“இடிக்கிற மாதிரி எழுதினதுகூடப் போகட்டும். அவ இறங்கி சுவரைத் திட்டறதா எழுதினீங்க பாருங்க. அதைத்தான் என்னால பொறுக்க முடியல. இருபது வருஷம் ஓட்டினவ சுவரைத் திட்டுவாளா? வண்டி நியூட்ரல்ல இருக்கான்னு முதல்ல பார்ப்பா.”

சாலை கலங்கரை விளக்கத்தின் அடியில் முடிந்தது. கார் நிறுத்த மைதானம் போல ஓர் இடம் விட்டிருந்தார்கள். காக்கைகளைத் தவிர யாரும் இல்லை. எழுத்தாளர் மேலே ஏறிக் கடலைப் பார்த்துவிட்டு வந்தபோது அண்ணி முன்சீட்டில், எழுத்தாளர் உட்கார்ந்து வந்த இடத்தில், உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் பக்கம் போய் ஏறு.”

‘ஏறு’ என்றார், ‘ஏறுங்க’ இல்லை. அந்தச் சந்தோஷத்தில் எழுத்தாளர் மறுக்க மறந்துபோனார்.

“கிளச்சை விடு. அப்படி இல்ல. தூங்கற குழந்தை மேலருந்து கையை எடுப்பல்ல, அப்படி.”

வண்டி இருமியது, நின்றது, மறுபடி இருமியது. பிறகு நகர்ந்தது. எழுத்தாளர் மைதானத்தைச் சுற்றினார். காக்கைகள் நிதானமாக நடந்தே விலகின. இன்னொரு சுற்று. தன் கையசைவுக்கு இத்தனை பெரிய பொருள் ஒன்று திரும்புகிறது என்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அண்ணி தன் பக்கத்துப் பிரேக்கை ஒருமுறைகூடத் தொடவில்லை என்பதை அப்புறம்தான் உணர்ந்தார்.

“பரவாயில்ல. உங்க அண்ணனுக்கு நீ எவ்வளவோ தேவலை” என்றார் அண்ணி.

ஊர் திரும்பியதும் எழுத்தாளர் நேராக டிரைவிங் ஸ்கூலுக்குள் போனார். அண்ணன் மேஜைக்குப் பின்னால் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, சுவர்ல இடிச்சது நீயா?”

அண்ணன் போனைக் கீழே வைத்தார். மனைவி முகத்தைப் பார்த்தார். தம்பி முகத்தைப் பார்த்தார்.

“புத்தகம் நல்லா வந்திருந்ததுடா. ஊரே சிரிச்சுது. நடுவுல புகுந்து கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

அந்த நாவலின் அடுத்த பதிப்புக்கு நேரம் வந்திருந்தது. எழுத்தாளர் அந்த அத்தியாயத்தை முழுக்க மாற்றி எழுதினார். பதிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஓடுகிற குதிரையை நிறுத்தி லாடம் மாற்றுவார்களா என்று கேட்டார். எழுத்தாளர் பிடிகொடுக்கவில்லை. புதுப் பதிப்பில் பெரியப்பா இடிக்கிறார். பிறகு எப்படி இடித்தோம் என்று விளக்குவதற்காக மறுபடி இடிக்கிறார். பெரியம்மா இறங்கி, வண்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்கிறார். பழைய வாசகர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் இதுதான் அதைவிட நன்றாக இருக்கிறது என்றார்கள். துணி துவைக்கும் மெஷின் ஓடாத நேரமாகப் பார்த்து எழுதியதால் இருக்கலாம் என்றார் மனைவி.

அண்ணனுக்குத்தான் கொண்டாட்டம். சுவரைப் பற்றிக் கேட்டு வருகிறவர்களை அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பூசி மெழுகிய இடத்தைத் தொட்டுக் காட்டி, முதல் இடி எது, இரண்டாவது இடி எது என்று விளக்கினார். அவரைப் பார்க்க வந்தவர்களில் சிலர் அப்படியே ஸ்கூலில் சேர்ந்தும்விட்டார்கள்.

பயண நூல் மழைக்காலத்துக்கு முன்னால் வந்தது. அச்சகத்திலிருந்து கட்டு வந்த ஞாயிறன்று எல்லோரும் எழுத்தாளர் வீட்டில் இருந்தார்கள். மேஜையில் ரொட்டியும் முட்டையும் ஆறிக்கொண்டிருக்க, அண்ணி முதல் பிரதியை எடுத்து நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். இந்த முறை எழுத்தாளர் தன்னையும் விட்டுவைக்கவில்லை. வளைவில் வாந்தியெடுத்தது, சம்மணம், பிரேக் எல்லாம் இருந்தன. அண்ணி சொன்ன வரிகளெல்லாம் ‘அண்ணி சொன்னார்’ என்றே வந்திருந்தன. அண்ணி ஒவ்வொரு பக்கத்திலும் நின்று நின்று சிரித்தார். எழுத்தாளர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விமர்சகர்களை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

திடீரென்று அண்ணியின் சிரிப்பு நின்றது. முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

“தம்பி, இங்க வா. ‘கிளம்பியதிலிருந்து வலப்பக்கம் கடல் எங்களோடு வந்தது’ன்னு போட்டிருக்க.”

“ஆமா.”

“போகும்போது கடல் இடப்பக்கம்.”

எழுத்தாளர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். கையை முன்னால் நீட்டி ஸ்டியரிங் பிடிப்பதுபோல வைத்து யோசித்தார். முகம் விழுந்துவிட்டது. அச்சுக்கு முன் பிழை திருத்திப் பார்த்தவர் மனைவி; அவரும் எழுந்து வந்து பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“மொத்தமும் அச்சடிச்சாச்சு அண்ணி. முதல் வரியே தப்பு.”

அண்ணி கொஞ்சம் யோசித்தார். முட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“திரும்பி வரும்போது வலப்பக்கம்தானே? திரும்பி வரும்போது எழுதினதுன்னு சொல்லிடு. யாரும் கேட்டா, வண்டி ஓட்டினவளைக் கேளுன்னு எங்கிட்ட அனுப்பு. நான் பார்த்துக்கறேன்.”